ஜனவரிக் கெடு முடிந்த இரவில் மதிப்பெண் போடாதே

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய கட்டுரையை நிதானமாக வாசித்தேன். ஒன்ராறியோ ஹொக்கி லீக்கின் 20 அணிகளுக்கும், வீரர் பரிமாற்றக் கெடு முடிந்த அன்றிரவே மதிப்பெண் போட்டிருக்கிறாய். உழைப்புத் தெரிகிறது. ஆனால் அந்த மதிப்பெண்கள் எதை அளக்கின்றன என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. பெரிய பெயர் வந்து சேர்ந்த அணி மேலே, பெரிய பெயரைக் கொடுத்த அணி கீழே. என்.எச்.எல் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். இளையோர் ஹொக்கியைப் பார்க்க அந்தக் கண் போதாது.

இங்கே முதலில் வயதைப் பார். பையன்கள் 16 வயதில் வருகிறார்கள், 20 முடிந்ததும் போய்விடுகிறார்கள். 20 வயதுக்காரர்களில் ஓர் அணி மூன்று பேரைத்தான் வைத்திருக்கலாம். மிகத் திறமையானவன் அதற்கு முன்பே என்.எச்.எல்லுக்குப் போய்விடுவான். ஆகவே எந்த அணிக்கும் உச்சம் என்பது ஒரு வருடம், நீண்டால் இரண்டு வருடம். அந்த வருடத்தில், இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் எதிர்காலத் தேர்வு உரிமைகளை அள்ளிக் கொடுத்து வீரர்களை வாங்கும் முகாமையாளரை, விதைநெல்லைக் குத்திச் சோறாக்குகிறார் என்று பழிப்பார்கள். எனக்கு அந்தப் பழியில் உடன்பாடில்லை. அவருடைய 19 வயதுப் பையன்களை எந்தக் குதிருக்குள்ளும் சேமித்து வைக்க முடியாது. அவர்களில் பெரும்பாலோர் அடுத்த வருடம் இருக்கமாட்டார்கள். தன் அணி எந்த வருடத்தில் நிற்கிறது என்பதை அவர் சரியாகக் கணித்தாரா என்பதுதான் கேள்வி.

பீற்றர்பரோவை எடுத்துக்கொள். 2022 ஜனவரியில் அந்த அணி மேசன் மக்ராவிஷை ஹமில்ரனுக்குக் கொடுத்தது. என்.எச்.எல்லின் அனாஹைம் அணி 2021-இல் மூன்றாவது ஆளாகத் தேர்ந்தெடுத்த பையன். அன்றைக்கு நீ எழுதியிருந்தால் பீற்றர்பரோவுக்கு அடிமட்ட மதிப்பெண்தான் போட்டிருப்பாய். ஹமில்ரன் அந்த வசந்தத்தில் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் வின்ட்சரை வென்று லீக் கிண்ணத்தைத் தூக்கியது. அடுத்த பருவத்தில் சக்கரம் சுழன்றது. கிண்ணம் வென்ற ஹமில்ரன் கலையத் தொடங்கியது. அங்கிருந்து அவெரி ஹேய்ஸும் கவின் வைட்டும் பீற்றர்பரோவுக்கு வந்தார்கள். பிளின்ற் அணியிடமிருந்து பிரெனன் ஒத்மன், மிசிசாகாவிடமிருந்து ஓவன் பெக். இத்தனை பேரைச் சேர்த்தும் அந்த அணி கிழக்குப் பிரிவில் நாலாம் இடத்தில்தான் முடித்தது. மார்ச் மாதத்தில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. 2023 மே மாதம் ஒன்ராறியோவின் லண்டன் அணியை ஆறு ஆட்டங்களில் வென்று, 2006-க்குப் பிறகு முதல் தடவையாக லீக் கிண்ணத்தை ஊருக்குக் கொண்டுபோனது.

ஒரு முகாமையாளர் தன் சிறந்த வீரனை விற்று, ஒரே வருடத்தில் வாங்குபவராக மாறியிருக்கிறார். இரண்டையும் ஒரே கணக்காகப் படித்தால்தான் விளங்கும். கெடு முடிந்த அன்றைக்கு ஒரு பரிமாற்றத்தை மட்டும் பிடுங்கி எடுத்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. அதற்கான விலையையும் மறைக்காமல் எழுத வேண்டும். 2024-25 பருவத்தில் பீற்றர்பரோ அட்டவணையின் அடியில் கிடந்தது. அந்தக் குளிரில் பணம் கொடுத்து அரங்கில் உட்கார்ந்தவர்களிடம் போய்க் கேள், 2023 மே மாதம் அதற்கு ஈடாகுமா என்று. அவர்களில் பலர் ஈடாகும் என்றுதான் சொல்வார்கள் என நினைக்கிறேன். ஆனால் அதை அவர்கள் வாயால் கேட்டு எழுதுவது உன் வேலை.

பீற்றர்பரோ கிண்ணம் வென்ற அதே பருவத்தில், 2023 ஜனவரியில், வின்ட்சர் கிங்ஸ்ரனிடமிருந்து ஷேன் றைட்டை வாங்கியது. ஹலிபாக்ஸில் அவன் கனடாவின் தலைவனாக உலக இளையோர் தங்கம் வென்று சில நாட்கள்தான் ஆகியிருந்தன. வின்ட்சர் மேற்குப் பிரிவில் முதலிடத்தில் முடித்தது. முதல் சுற்றிலேயே எட்டாமிடக் கிச்சனர் நான்கு ஆட்டங்களில் அதை வெளியே தள்ளியது. ஒரு வெற்றிகூட இல்லை. இதைக் கண்டதும் 'தோற்ற பரிமாற்றம்' என்று எழுதக் கை துடிக்கும். எழுதாதே. முந்திய வருடம் இறுதித் தொடர் வரை வந்த அணி, பிரிவின் முன்வரிசையில் இருந்தபோது, கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த நடு முன்கள வீரனை வாங்கியது. அந்த முடிவில் பிழை காண்பது எனக்கு இன்றும் கடினம். ஏழு ஆட்டத் தொடரில் ஒரு கோல்காப்பாளர் தடுமாறினாலே ஜனவரிக் கணக்கெல்லாம் கரைந்துபோகும். முடிவு வேறு, விளைவு வேறு. இரண்டையும் தனித்தனியே எழுதப் பழகு. 2009-இல் ஜோன் டவாரெஸை ஒஷாவாவிடமிருந்து வாங்கிய லண்டனும் கிண்ணம் வெல்லவில்லை. அந்த வருடம் வென்றது வின்ட்சர்தான்.

கனடிய இளையோர் லீக்குகளின் வெற்றியாளர்கள் மோதும் மெமோரியல் கிண்ணத்தை நடத்தும் ஊரின் அணிக்கு மட்டும் கணக்கு வேறு. அதற்கு லீக் வெற்றி இல்லாமலே இடம் உண்டு. 2022-இல் அதை நடத்திய, கியூபெக் லீக்கின் செயின்ற் ஜோன் தன் லீக்கில் முதல் சுற்றில் தோற்றது, பயிற்றுநரை நீக்கியது, புதியவர் ஒருவருடன் வந்து அந்தக் கிண்ணத்தையே வென்றது.

இனித் தேர்வு உரிமைகள். உன் கட்டுரையில் 'மூன்று இரண்டாம் சுற்று உரிமைகள், ஆகவே நல்ல விலை' என்று ஒரு வரி. அந்த உரிமைக்குள் யார் இருக்கிறான் என்று யோசித்துப் பார்த்தாயா? ஒன்ராறியோ லீக் எடுப்பது அந்த வருடம் 16 வயதாகும் பையன்களை. 2023 ஜனவரியில் 2026-க்கான உரிமை ஒன்று கைமாறியிருந்தால், அது 2010-இல் பிறந்த ஒருவன். அன்று அவனுக்கு 12 வயது. அவன் எவ்வளவு வளர்வான் என்று அவன் தாய்க்கே தெரியாது. பல உரிமைகள் நிபந்தனையுடன் வேறு வரும்: வீரன் என்.எச்.எல்லிலிருந்து திரும்பி வந்தால் மட்டும், அல்லது அணி இத்தனை சுற்றுக் கடந்தால் மட்டும் என்று. எண்ணிக்கையைக் கூட்டி விலை சொல்வதை விடு. அந்த அணியின் தேர்வாளர்கள் கடந்த வருடங்களில் இரண்டாம் சுற்றில் எடுத்தவர்களில் எத்தனை பேர் அணியில் நிலைத்தார்கள் என்று தேடிப் பார். சலிப்பான வேலைதான். அதைச் செய்பவர்கள் குறைவு என்பதால்தான் உனக்குச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. பட்டியலில் நீ எழுதும் பெயர் 12ஆம் வகுப்பில் இருக்கும் ஒரு மாணவன். தொலைபேசி வந்த மறுநாள் அவன் தன்னை வீட்டுப் பிள்ளைபோல் வைத்திருந்த குடும்பத்திடம் விடைபெற்று, வேறொரு ஊரில், தெரியாத ஒரு வீட்டில், தெரியாத ஒரு பள்ளியில் போய் உட்காருகிறான். வாங்கிய அணிக்கு அவன் மூன்று மாதம் தேவைப்படலாம். அவனுக்கோ அது பள்ளியின் கடைசி அரையாண்டு. சம்மதித்தே போயிருக்கலாம், வெற்றிபெறும் அணியில் ஆட விரும்பியே போயிருக்கலாம். அதையும் விசாரி. ஆனால் ஜனவரியில் வந்தவன் பெப்ரவரியில் கோல் போடவில்லை என்றால், உடனே அவனை 'ஏமாற்றம்' என்று எழுதிவிடாதே. புதிய வரிசையில் பழக நாள் எடுக்கும்.

கடைசியாக, அளவுகோலே இப்போது அசைந்துவிட்டது. கனடிய இளையோர் லீக் வீரர்களும் அமெரிக்கப் பல்கலைக்கழக ஹொக்கி ஆடலாம் என்று 2024 நவம்பரில் முடிவாகி, 2025 ஓகஸ்ட் முதல் நடைமுறைக்கு வந்தது. மெடிசின் ஹற் அணியின் நட்சத்திரம் கவின் மக்கெனா அந்தப் பருவத்திலேயே பென் ஸ்ரேற் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டான். முன்பெல்லாம் 18 வயது வீரனை வாங்கும் அணி, அடுத்த வருடமும் அவன் இருப்பான் என்று எண்ணியே விலை கொடுத்தது. இனி அந்த இரண்டாவது வருடம் கையில் இருக்குமா என்பதை அவனும் அவன் வீட்டாரும்தான் தீர்மானிப்பார்கள். வாங்கும் அணி அதற்கு எவ்வளவு தள்ளுபடி கேட்கிறது, விற்கும் அணி ஜனவரிக்குப் பதில் முந்திய கோடையிலேயே விற்கத் தொடங்குகிறதா? நீ அடுத்த கெடுவுக்கு முன் ஐந்தாறு முகாமையாளர்களைக் கூப்பிட்டு இதைக் கேள். ஒரே பதில் வராது. வருகிற பதில்களை எனக்கும் எழுது.

அன்புடன்,
அண்ணன்