வீடு மாற முதல் வைஃபைக்குச் சொல்லுங்கோ

இந்தக் கிழமை எபிசோடில் ரவுட்டர் பற்றிக் கதைச்சோம். அதோட சேர்த்து ஒரு சின்னப் பாடம்: வீடு மாறேக்க இன்டர்நெட்டை எப்படிக் கொண்டு போறது? நான் பிழை விட்டுப் படிச்சது இது.

போன வருஷம் லண்டனுக்குள்ளேயே வீடு மாறினோம். எங்கட வீட்டில் இங்கிலீஷ் கோல் எல்லாம் என்ர பொறுப்பு. உங்கட வீட்டிலும் அப்படித்தானே? மாறுறதுக்கு நாலு நாள் முதல்தான் கம்பெனிக்கு அடிச்சன். எஞ்சினியர் வர ரெண்டு கிழமை ஆகும் எண்டிச்சினம். போனில டேட்டா இருக்குத்தானே எண்டு விட்டுட்டன். அம்மம்மா கழுத்தில போடுற அலாரமும் அந்த லைனிலதான் ஓடுது எண்டு யோசிக்கேல்லை.

மூண்டாம் நாள் அவ பாத்ரூமில வழுக்கி விழுந்து பட்டனை அமத்தினவ. ஆரும் எடுக்கேல்லை. தம்பி பள்ளிக்கூடத்தால வரும்வரைக்கும் முக்கால் மணித்தியாலம் நிலத்திலேயே இருந்தவ. எலும்பு முறியேல்லை. ஆனா அண்டிரவு எனக்கு நித்திரை வரேல்லை.

யூகேயில் இருக்கிறவை கவனிக்க வேண்டியது:

1. குறைஞ்சது ஒரு மாதம் முதலே கம்பெனிக்குச் சொல்லுங்கோ. மூண்டு கேள்வி கேளுங்கோ: ஒப்பந்தம் இன்னும் எத்தனை மாதம்? இடையில் நிப்பாட்டினால் எவ்வளவு கட்ட வேணும்? லைனை மாத்தினால் ஒப்பந்தம் புதுசாகத் தொடங்குமா?

2. ஒஃப்கொம் இணையத்தளத்தில் புது வீட்டுப் போஸ்ட்கோடைப் போட்டு, அங்கே என்ன லைன் இருக்கு எண்டு பாருங்கோ. சுவரில் ஃபைபர் பெட்டி இருந்தால் வேலை சுகம். இல்லையெண்டால் துளை போட வேண்டி வரலாம். வாடகை வீட்டில் அதுக்கு உரிமையாளரின் அனுமதி தேவை.

3. ரவுட்டரைக் கழட்டிக்கொண்டு போங்கோ. ஃபைபர் பெட்டியைத் தொடாதேங்கோ, அது வீட்டோட இருக்க வேண்டியது.

4. 2024 செப்டம்பரில் வந்த ‘வன் டச் சுவிட்ச்’ முறை, இருக்கிற வீட்டிலேயே கம்பெனி மாறுறதுக்குத்தான். வீடு மாறேக்க கம்பெனியையும் மாத்தினால், பழைய கணக்கை நீங்களே சொல்லி நிப்பாட்ட வேணும்.

5. சொன்ன நாளில் லைன் தொடங்காவிட்டாலோ எஞ்சினியர் வராவிட்டாலோ இழப்பீடு உண்டு. 2019இல் தொடங்கிய திட்டம் இது. அதில் சேர்ந்த கம்பெனிகள் நீங்கள் கேளாமலே தர வேணும். எங்களுக்கும் ஒருநாள் ஆள் வரேல்லை. அந்தக் காசு பில்லில் கழிஞ்சு வந்தது.

6. பழைய செம்புக் கம்பி டெலிபோன் சேவை 2027 ஜனவரியோட முடியுது. பிறகு வீட்டு போனும் இன்டர்நெட்டில்தான். கரண்ட் நிண்டால் ரவுட்டரும் நிண்டிடும், போனும் நிண்டிடும். வீட்டில் வயசானவை அந்த போனையே நம்பி இருந்தால் கம்பெனிக்குச் சொல்லுங்கோ. கரண்ட் இல்லாமலும் குறைஞ்சது ஒரு மணித்தியாலம் 999க்கு அடிக்க அவை வழி செய்து தர வேணும். அலாரக் கம்பெனிக்கும் தனியாக அறிவியுங்கோ.

அம்மம்மாட்ட இப்ப சிம் போட்ட அலாரம் இருக்கு. மாதத்துக்கு ஒருக்கா ரெண்டு பேரும் அமத்திப் பாக்கிறம். மறுபக்கம் ஆள் எடுத்தவுடனே அவ முதல் கேக்கிறது: “தம்பி, சாப்பிட்டிட்டீங்களோ?”

அடுத்த கிழமை சந்திப்பம்.