துண்டுக்கு என்ன அத்தாட்சி?

1976இல் ஆப்பிள் 1 கணினி 666.66 டொலருக்கு விற்கப்பட்டது. செய்யப்பட்டவை சுமார் 200தான். 2014இல் அவற்றில் ஒன்று நியூயோர்க் ஏலத்தில் 9,05,000 டொலருக்குப் போனது. அந்தக் கணினியின் சிறு துண்டு பதித்தது என்று சொல்லி, கேவியர் என்ற சொகுசு நிறுவனம் ஐபோனை விலைக்கு விட்டது.

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் பொன் வாங்கினால் உரைத்துப் பார்க்கிறோம். நகமளவு கணினித் துண்டை எந்தக் கல்லில் உரைப்பது? விற்பவர் வாய்ச்சொல்லே சாட்சி.

ஆகவே நான் சொல்வது இதுதான். இப்படியான சரக்கு உங்கள் கடைக்கு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தக் கணினியில் எடுத்தது? யாரிடம் வாங்கியது? அதற்கு எழுத்து எங்கே? பதில் இல்லையென்றால் தொலைபேசியின் விலைக்கு மேல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். வாங்கிவிட்டால், அந்த உறுதியில்லாத பேச்சை நாளை உங்கள் வாடிக்கையாளரிடம் நீங்களே சொல்ல வேண்டிவரும்.