விசைப்படகுக் கழிவும் மீன்வளமும்

தமிழகக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலமாகும். விசைப்படகுகள் பழுது பார்க்கப்படும் இந்நாட்களில் கழிவு எண்ணெய், சுரண்டிய வர்ணம், கிழிந்த வலை ஆகியவை மிகுதியாகச் சேருகின்றன. இவற்றைக் கடலில் தள்ளுவது, மீன் பெருக விட்ட காலத்திலேயே அதற்கு நஞ்சிடுவதாகும். பல மீன் இனங்களின் முட்டைகளும் இளங்குஞ்சுகளும் கடலின் மேல்மட்டத்தில் மிதப்பவை. எண்ணெய் பரவுவதும் அங்கேதான்.

எண்ணெய்: எந்திரத்தின் அடியில் தகரத் தட்டு வைத்து ஒழுகலைப் பிடிக்கவும். படகின் அடியில் தேங்கும் நீரில் எண்ணெய் மேலே மிதக்கும். படகு அசையாமல் நிற்கும்போது அடிநீரை மட்டும் இறைத்து, எண்ணெய்ப் படலம் நெருங்கியதும் நிறுத்தவும். மீதியை மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் கொடுக்கவும். சோப்புத் தூள் கலந்து இறைத்தல் கூடாது. எண்ணெய் கண்ணுக்கு மறையுமே தவிர அழியாது. சிறு துளிகளாக நீருக்குள் பரவிக் குஞ்சுகளைத் தாக்கும்.

வர்ணம்: பாசி, கொட்டலசு பிடிக்காதிருக்கப் பூசும் வர்ணங்கள் பலவற்றில் தாமிரம் உண்டு. கீழே தார்ப்பாய் விரித்துச் சுரண்டி, தூளை மூட்டையில் சேர்க்கவும்.

வலை: நைலான் வலை எளிதில் மட்காது. கடலில் விட்ட துண்டு, ஆளில்லாமலே மீனையும் ஆமையையும் சிக்கவைத்துக் கொல்லும். மற்றப் படகுகளின் விசிறியிலும் சுற்றும். கிழிசலைக் கரைக்கே கொண்டு வரவும்.

படகுக்கு இரு டப்பாவும் ஒரு சாக்கும் போதும். செலவு சொற்பம், காக்கப்படுவது அடுத்த பருவத்தின் மீன்பாடு.