கெய்ரோ முதல் யொகனஸ்பேர்க் வரை: தூரமும் நேரமும்

இரு நகரங்களுக்கு இடையேயுள்ள தூரத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்தால் பிரயாண நேரம் கிடைத்துவிடும் என்பது கீழ்வகுப்பு மாணவனும் அறிந்த கணக்கு. அக்கணக்கு எவ்வளவுக்குச் செல்லும், எங்கே தவறும் என்பதை ஆராய்வதற்கு ஆபிரிக்காவின் வடக்கே கெய்ரோவும் தெற்கே யொகனஸ்பேர்க்கும் மிகவும் வாய்ப்பான நகரங்கள். தமிழாசிரியன் பூமிசாத்திரத்துள் புகுவதேன் என்று சக ஆசிரியர்கள் சினவாதிருப்பாராக.

தேசப்படத்தை விரித்து நோக்குக. கெய்ரோ வடக்கு 30 பாகை அகலக்கோட்டையும், யொகனஸ்பேர்க் தெற்கு 26 பாகையையும் ஒட்டியுள்ளன. நெடுங்கோட்டு வேறுபாடு ஏறத்தாழ 3 பாகையே. ஆதலால் ஒன்றுக்கு நேர் தெற்கே மற்றது உள்ளதெனக் கொள்ளலாம். பூமத்திய கோட்டின் இருபுறத்தும் அவை இருத்தலின் பாகைகளைக் கூட்டல் வேண்டும். மாணவர் பலர் இங்கே கழித்து விடுகின்றனர். கூட்ட வருவது 56. அகலக்கோட்டில் ஒரு பாகை ஏறக்குறைய 111 கிலோமீற்றர். பெருக்க வருவது 6,216. நுணுகிக் கணித்தால் கிடைக்கும் தூரமோ சுமார் 6,260 கிலோமீற்றர். சிலேற்றிற் போட்ட கணக்கு நூற்றுக்கு ஒரு பங்குகூடப் பிழைக்கவில்லை!

இனி நேரம். தாரை விமானம் மணிக்கு 850 கிலோமீற்றர் வேகத்திற் பறப்பதாகக் கொண்டால் ஏழரை மணிக்குச் சிறிது குறைவாக வரும். ஏறுதற்கும் இறங்குதற்கும் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதற்கும் ஆகும் நேரத்தையும் சேர்க்கச் சுமார் 8 மணியாகும். தென்வடலாகச் செல்லும் இப்பயணத்தில், எகிப்தியர் கோடையில் ஒரு மணி முன்னே தள்ளிவைப்பது ஒழிய, கடிகாரம் நம்மை ஏமாற்றாது. கிழக்கு மேற்காகச் செல்வதோ வேறு. நைரோபியிலிருந்து லாகோஸ் ஏறத்தாழ 3,830 கிலோமீற்றர். பறக்கும் நேரம் சுமார் 5 மணி. லாகோஸ் கடிகாரம் 2 மணி பின்தங்கியது. காலை 8 மணிக்குப் புறப்பட்டவன் அங்கே 11 மணிக்கு இறங்குவான். கடிகாரத்தை மட்டும் நம்பி வகுக்கும் மாணவன், விமானம் ஒலியினும் விரைந்து சென்றதென விடை எழுதுவான்.

இக்கண்டத்தின் நெடுவழியை முதன்முதல் வானிற் கடந்தோர் வான் றைனவெல்ட், பிராண்ட் என்னும் இருவர். 1920 பெப்ரவரி 4 இல் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டு, கெய்ரோ வழியாக மார்ச் 20 இல் கேப் டவுனை அடைந்தனர். முதல் விமானம் எகிப்தின் தென்பாகத்திலும் இரண்டாவது புலவாயோவிலும் நொறுங்க, மூன்றாவதில் ஏறிப் பயணத்தை முடித்தனர். கழிந்த நாட்கள் 45. வானிற் பறந்ததோ 109 மணி நேரமே.

இயந்திரம் தேறியபின்னும் வழி எப்போதும் நேராகக் கிடைத்ததில்லை. நிறவொதுக்கற் கொள்கையைக் கண்டித்து 1963 இல் ஆபிரிக்க நாடுகள் பல தென்னாபிரிக்க விமானங்களுக்குத் தம் வான்வெளியை மறுத்தன. ஐரோப்பாவுக்குச் சென்ற அவை கண்டத்தின் மேற்குப் புடைப்பைச் சுற்றிக் கடல்மேற் பறந்தன. இந்நிலை 1990 களின் தொடக்கம் வரை நீடித்தது. அம்மறுப்பு நியாயமானதே என்பது என் கருத்து. அண்மையில் நேர்ந்ததோ துயரமானது. 2023 ஏப்பிரல் 15 இல் சூடானிற் போர் மூண்டதும் அந்நாட்டு வான்வெளி மூடப்பட்டது. நாம் மேலே கணித்த கோடு சூடானை ஊடறுத்தே செல்வதால், விமானங்கள் விலகிப் பறக்க நேர்ந்தது.

அச்சூடானின் தலைநகர் கார்ட்டூம் வடக்கு பதினைந்தரைப் பாகையில் உள்ளது. சிம்பாப்வேயின் ஹராரே தெற்கு 18 பாகை அளவில் உள்ளது. நெடுங்கோடு இரண்டிற்கும் ஏறத்தாழ ஒன்றே. இவற்றின் இடைத்தூரத்தை மாணவர் தாமே கணிப்பாராக. விடை 3,700 கிலோமீற்றரை ஒட்டி வரும்.