கால் வளைந்து பிறந்த குதிரைக்குட்டி: கட்டுப் போடுமுன் பார்க்க வேண்டியவை

பிறந்த குட்டி ஒரு மணி நேரத்துக்குள், தாமதமானால் இரண்டு மணிக்குள், எழுந்து நிற்க வேண்டும். அடுத்த ஒரு மணியில் மடியைத் தேடிப் பிடித்துப் பால் குடிக்க வேண்டும். கால் மடங்கிய குட்டிக்கு இரண்டும் முடியாது. சுற்றி நிற்பவர்கள் எண்ணெய் எடுத்து வந்து காலை நீவத் தொடங்குவார்கள். காலை விடுங்கள், முதலில் பால்.

குதிரைக்குட்டிக்கு நோய் எதிர்ப்புச் சக்தி தாய் வயிற்றில் இருக்கும்போது வருவதில்லை, சீம்பாலில்தான் வருகிறது. அதை உறிஞ்சிக்கொள்ளும் வேலையைக் குடல் ஒரு நாளுக்குள் நிறுத்திவிடும். முதல் 6 மணி நேரம்தான் பொன்னான நேரம். இரண்டு பேர் தூக்கிப் பிடித்தால் நிற்குமென்றால் மடியருகே நிறுத்துங்கள். இல்லையென்றால் சீம்பாலைக் கறந்து, நிப்பிள் வைத்த பாட்டிலில் கால் லிட்டர் அளவாக மணிக்கு ஒரு தடவை கொடுங்கள். குட்டி நெஞ்சு தரையில் படிய, தலை நிமிர்ந்து இருக்க வேண்டும். ஒருக்களித்துக் கிடக்கும் குட்டியின் வாயில் ஊற்றினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். உறிஞ்சத் தெரியாத குட்டிக்கு மூக்கு வழியே குழாய் விடுவது மருத்துவர் வேலை. தொப்புளை நீர்த்த அயோடினில் நனைத்து, மருத்துவருக்குப் போன் போடுங்கள். மறுநாள் ரத்தம் எடுத்தால் சீம்பால் சேர்ந்ததா என்று தெரிந்துவிடும். டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதம் இருந்தால் நிம்மதி.

இனி காலைப் பார்க்கலாம். குட்டியைச் சமதரையில் நிறுத்தி, எதிரிலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் போனில் வீடியோ எடுங்கள். இது தளர்ச்சியா, இறுக்கமா, எலும்புக் கோணலா என்று பிரித்தறியாமல் துணி சுற்றுவதுதான் நான் பார்த்த வரையில் பெரிய கேடு. ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு விஷம்.

தளர்ச்சி என்றால் குளம்புக்கு மேலுள்ள கணு மூட்டு தரையை நோக்கித் தாழ்ந்திருக்கும். குளம்பின் முனை தூக்கிக்கொண்டு, குட்டி குதிகாலில் நடக்கும். பின்னங்காலில் அதிகம். பார்க்கப் பயமாக இருந்தாலும் மூன்றில் எளிதானது இதுதான். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தானே நிமிரும். காலைச் சுற்றிக் கட்டு மட்டும் போடாதீர்கள். கட்டு தாங்கிக்கொண்டால் தசைநாண் இன்னும் சோம்பிப்போகும். குதிகால் தேய்ந்து புண்ணாகாமல் அங்கே மட்டும் லேசான துணி போதும். ரொம்பத் தாழ்ந்திருந்தால் லாடம் அடிப்பவரிடம் சொல்லி, மெல்லிய ப்ளைவுட் துண்டைக் குளம்பின் அடியில் வைத்து, பின்பக்கம் மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளவிட்டு டேப் சுற்றச் சொல்லுங்கள். ஆணி வேண்டாம், குட்டிக் குளம்பின் சுவர் தாங்காது.

இறுக்கம் வேறு கதை. குட்டி குளம்பு முனையில் நிற்கும், அல்லது கணு முன்பக்கம் தள்ளிக்கொள்ளும், அல்லது முன்னங்கால் முட்டி நீளாது. உங்கள் கையால் நிதானமாக இழுத்துப் பாருங்கள். நீட்ட முடிந்தால் நல்ல வாய்ப்பு உண்டு. கொஞ்சமும் அசையாவிட்டால் அன்றே மருத்துவமனை.

முதல் சில நாட்களுக்குள் மருத்துவர் ஆக்ஸிடெட்ராசைக்ளின் கொடுக்கலாம். கிருமிக்கொல்லிதான், ஆனால் 2 முதல் 3 கிராம் வரை சலைனில் கலந்து மெதுவாக நரம்பில் ஏற்றினால் தசைநாணைத் தளர்த்தும். சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய அளவு அது. பால் குடிக்காமல் வறண்டு கிடக்கும் குட்டிக்கு ஆபத்து இரட்டிப்பு. நல்ல கால்களையும் சேர்த்தே தளர்த்தும் என்பதையும் மறக்க வேண்டாம். மாட்டுக்கு வாங்கி வைத்த பாட்டில் வீட்டில் இருக்கிறதே என்று கை வைக்காதீர்கள். வலி ஊசியும் அப்படித்தான். குட்டியின் இரைப்பையில் புண் வரும்.

அடுத்தது தாங்குகட்டை. பிளம்பிங் கடையில் கிடைக்கும் பிவிசி குழாயை நீளவாக்கில் பாதியாகப் பிளந்து, ஓரங்களைத் தேய்த்து, இரு முனைகளையும் சூடுகாட்டி வெளிப்பக்கம் மடக்குங்கள். கணு இறுக்கம் என்றால் முட்டிக்குக் கீழிருந்து தரை வரை. முட்டி இறுக்கம் என்றால் முழங்கைக்குச் சற்றுக் கீழிருந்து கணுவுக்கு மேல் வரை. முதலில் பஞ்சு தாராளமாக, மேலே கிரேப் பேண்டேஜ், பிறகு காலின் பின்பக்கம் குழாய், அதன் மேல் மறுபடி பேண்டேஜ். முதல் கட்டை மருத்துவர் போடட்டும். நீங்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். நாலிலிருந்து ஆறு மணிக்கொரு தடவை அவிழ்த்துத் தோலைப் பாருங்கள். எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலும் கடற்கரைப் புழுக்கமும் சேர்ந்தால் பஞ்சுக்குள் வியர்த்து, அரை நாளில் தோல் உரிந்துவிடும். சிவப்பு தெரிந்தால் அந்த வேளைக்குக் கட்டு வேண்டாம். அவிழ்த்த நேரத்தில் ஐந்து பத்து நிமிடம் காலை நீட்டிப் பிடியுங்கள். சுண்டி இழுக்கக் கூடாது.

முன்னங்கால் முட்டியின் முன்புற வெளிப்பக்கம் மெத்தென்ற வீக்கம் இருந்தால் நீட்டும் தசைநாண் அறுந்திருக்கலாம். இறுக்கம் மாதிரியே தோன்றும்; ஆனால் கையால் எளிதாக நீட்டிவிடலாம். ஓய்வும் தாங்குகட்டையும் போதும், பெரும்பாலும் ஆறிவிடும்.

மூன்றாவது, கோணல். எதிரிலிருந்து பார்த்தால் முட்டிகள் ஒன்றையொன்று இடிக்கும், அல்லது கால் வில்லாக வளையும். இங்கேதான் கர்ப்பக் கணக்கு தேவைப்படுகிறது. சராசரி 340 நாள். 320க்கு முன் பிறந்தால் குறைமாதம். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் சினைக்குதிரை வாங்கியவருக்கு நாள் கணக்கு எங்கே தெரியும்? பட்டுப்போன்ற மயிர், துவண்ட காது, புடைத்த நெற்றி இருந்தால் குறைமாதம் என்று சந்தேகியுங்கள். அத்தகைய குட்டிக்கு முட்டியின் சிறு எலும்புகள் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். நடக்கவிட்டால் நசுங்கிவிடும், எக்ஸ்ரே எடுக்கும் வரை லாயத்தை விட்டு இறக்கக் கூடாது. நிறைமாதக் குட்டியின் லேசான கோணல் தானே நேராகும். ஆனால் கணுப் பக்கத்து வளர்ச்சி மூன்று மாதத்தில் முடிந்துபோகும் என்பதால், அங்கே கோணல் இருந்தால் ஒரு மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

எங்கள் ஊர் அத்திப்பட்டிலிருந்து எங்கே கொண்டுபோவது? 1962ஐ அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் பற்றிக் கேட்கலாம். எக்ஸ்ரே, அறுவை என்றால் வேப்பேரியில் 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை. குட்டியானை வண்டியில் ஏற்றும்போது தாயையும் ஏற்ற முடியாதென்றால் பெரிய வண்டி பிடியுங்கள்; பிரித்தால் இரண்டும் அலறி, பாலும் வற்றும். மீஞ்சூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள் குறையும் விடியற்காலையில் கிளம்புவது நல்லது.

வீட்டில் நடைப் பயிற்சி தாயோடு ஐந்து பத்து நிமிடம், நாளுக்குச் சில தடவை. கால் நடுங்கினால் நிறுத்துங்கள். களைப்பும் வலியும் இறுக்கத்தைக் கூட்டும். வழவழப்பான சிமென்ட் தளம் வழுக்கும், ஆழமான மணல் களைப்பூட்டும். கெட்டி மண்தரை தேடுங்கள். தாங்குகட்டையோடு கிடக்கும் குட்டிக்கு நீள வைக்கோல் காலில் சிக்கும், நறுக்கிப் போடுங்கள்.

நேராகிவிட்ட குட்டிக்கும் ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் இறுக்கம் புதிதாக வரலாம். வேகமாக வளர்வதே வழக்கமான காரணம். தாய்க்கு வைக்கும் கொள்ளையும் கோதுமைத் தவிட்டையும் குட்டி பங்கு போடும். தவிட்டில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு. தவிட்டைக் குறைத்து, தாது உப்புக் கலவை சேர்த்து, புல்லைக் கூட்டுங்கள். குதிகால் உயர்ந்து குளம்பு நிமிரத் தொடங்குவது தெரிந்தால் அந்த வாரமே லாடக்காரரை அழைத்துக் குதிகாலைச் சீவிவிட்டு, மருத்துவரிடமும் காட்டுங்கள்.