கடற்கோட்டை

காரைநகர்க்கும் ஊர்காவற்றுறைக்கும் இடைப்பட்ட நீர்வழியின் நடுவே, நாற்புறமுங் கடல் சூழ நிற்பது ஹம்மன்ஹீல் எனப்படும் கடற்கோட்டை. காரைநகர்க் கரையிற் படகேறிய யாம் சிறிது நேரத்தில் அதன் வாயிலை அடைந்தோம். யாழ்ப்பாணம் நோக்கிவரும் மரக்கலங்கள் இவ்வழியே புகுந்தமையின், போர்த்துக்கேயர் இதனை இங்கே கட்டினர்.

எண்கோண மதின்மேல் நின்று நோக்குங்கால், பகைவர் அணுகுதற்கு இதனினும் அரிய இடம் பிறிதில்லை என்றே தோன்றும். ஆயினும், 1658ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது, ஏறக்குறைய இரண்டு கிழமையிற் கோட்டை பணிந்தது. உள்ளிருந்தோர்க்குக் குடிநீர் அற்றுப்போயினமையே காரணம். கண்ணுக்கெட்டிய தூரமும் நீர். நாவை நனைக்கத் துளியில்லை. நிலத்தில் நின்ற யாழ்ப்பாணக் கோட்டையோ ஜூன் மாதம்வரை தாங்கிற்று.

வென்றவர் இட்ட பெயர் நகைப்புக்கிடமானது. இலங்கையைப் பன்றித்தொடையின் வடிவாகக் கண்ட அவர்க்கு இவ்விடம் அதன் குதிக்கால்!

ஆங்கிலேயர் காலத்தில் இது சிறைச்சாலையாயிற்று. தொற்றுநோயாளரும் இங்கே வைக்கப்பட்டனர். மதிலைக் கடந்தாலும் கடலைக் கடத்தல் எளிதன்று. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிற் பிடிபட்டோர் சிலரும் இங்கே அடைக்கப்பட்டனர். அக்கிளர்ச்சியிற் சேர்ந்தோருட் பலர் எம் மாணாக்கரின் வயதினரே. பின்னாளிற் கடற்படையினர் இதனை விருந்தினர் விடுதியாக்கினர். அறையொன்றினுட் புகுந்த எம் மாணாக்கருள் எவரும் கதவைச் சாத்திப் பார்க்கத் துணிந்திலர்.

காற்று எழுமுன் திரும்பவேண்டுமென்று படகோட்டி அழைத்தார். யாம் கொண்டுசென்ற தண்ணீர் அதற்குள் தீர்ந்திருந்தது.