பன்றியா, யானையா?

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் 1911 என்று போட்ட வெள்ளி ரூபாய் ஒன்று கிடைத்தது. ‘பன்றி ரூபாய், பல லட்சம்’ என்று இணையத்தில் போடுகிறார்களே, நிஜமா?
– வாசகர், சமயநல்லூர்

பெயர் நிஜம், லட்சக் கதையை நம்ப வேண்டாம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மேலங்கியில் இருக்கும் குட்டி யானையை லென்ஸ் வைத்துப் பாருங்கள். துதிக்கை குட்டையாகி, அசல் பன்றி மாதிரியே தெரியும். முஸ்லிம்கள் மனம் புண்பட, அரசு அந்தக் காசைத் திரும்பப் பெற்று உருக்கியது. 1912 முதல் துதிக்கை நீண்டு, யானை யானையாகிவிட்டது. அதனால்தான் 1911க்குத் தனி மவுசு.

நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள்: 11.66 கிராம் இருக்க வேண்டும். தேய்மானத்தில் லேசாகக் குறையலாம். ஒரு கிராம் குறைந்தால் சந்தேகப்படுங்கள். தயவுசெய்து புளி போட்டுத் துலக்காதீர்கள், பாதி மதிப்பு அதோடு போய்விடும்! விலைக்கு, விளம்பரங்களை விட்டுவிட்டு ஏலத்தில் உண்மையாக விற்றுமுடிந்த தொகையைப் பாருங்கள்.

‘காசை நாங்களே வாங்குகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள்’ என்று ரிசர்வ் வங்கி பெயரில் யாராவது கேட்டால் போனை வைத்துவிடுங்கள். அது மோசடி என்று வங்கியே 2021இல் எச்சரித்திருக்கிறது.

அதே பெட்டியில் ராமர், அனுமன் படத்தோடு ‘கிழக்கிந்தியக் கம்பெனி 1818’ என்று ஏதாவது இருந்தால், அது காசே அல்ல, பூஜையறையில் வையுங்கள்.